ஏழு நாள் குலம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தியுர்மா தன் மேலதிகாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"பாக், நீங்க என்ன குலம்?"

'பாக்' என்றால் அங்கே 'ஐயா'. வீர்யோனோ ஜாவாக்காரர். மண்ணாய்வு நிலையத்தின் நுண்ணுயிர்ப் பிரிவுக்குத் தலைவர். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு மென்மையான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "எங்க பக்கத்துல குலப்பேரெல்லாம் கிடையாதுங்களே" என்றார்.

"அடக் கடவுளே! அப்போ யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"அம்மாவைக் கேட்டுக்குவோம்" என்றார் வீர்யோனோ.

அது 1974ஆம் வருஷம். தியுர்மாவுக்குப் பத்தொன்பது வயது. தோபா ஏரிக்கு நடுவே சமோசிர் தீவில், ஊராத் என்ற ஊரில் சிதோஹாங் குலத்தில் பிறந்தவள். ஏழு பிள்ளைகளில் நான்காவது. அப்பா ஏரியில் மீன் பிடிப்பார், கரையில் வெங்காயம் போடுவார். நடுநிலைப் பள்ளியை முடித்த கையோடு சியாந்தார் நகரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்தவளுக்கு, அந்த நிலையத்தில் கண்ணாடிக் குப்பி கழுவுகிற வேலை கிடைத்தது.

அவளுடைய பாதாக் ஜனங்களுக்குள் குலம் விசாரிப்பது புதிதல்ல. பஸ்ஸில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நீ எனக்கு மாமனா மச்சானா என்று முடிவு கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாது. ஆனால் தியுர்மாவுக்கு அது ஒரு வியாதி. பின்னாளில் தலைப்பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தபோதுகூட மருத்துவச்சியின் கையைப் பிடித்து நிறுத்தி, அவளுடைய தாய்வழிக் குலம் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பிள்ளையைப் பெற்றாள் என்று சித்தி சொல்வாள்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. சியாந்தார் தெருக்களில் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளோடு பக்கவண்டி பூட்டிய பெச்சாக்குகள் இடி இடிக்கிற மாதிரி ஓடும். ஒரு மழைநாளில் அப்படி ஒன்றை நிறுத்தி ஏறி உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், ஓட்டுகிறவனைப் பார்த்து, "என்ன குலம்?" என்றாள். 

"மனுருங்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னும் இல்ல."

"சரி, மண்ணாய்வு நிலையத்துக்குப் போங்க."

தும்புர் மனுருங் அந்தச் சவாரிக்குக் காசு வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டான்.

நிலையத்தில் வீர்யோனோவின் பிரிவு வளர்த்துவந்தது மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்களை. பட்டாணி, பீன்ஸ், சோயா மாதிரியான செடிகளின் வேரில் புகுந்து முடிச்சுப் போட்டு, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிற ஜாதி அவை. அவற்றைக் கரிமண்ணில் கலந்து பொட்டலம் கட்டி விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். விதைக்கும் முன்பு விதையோடு சேர்த்துப் புரட்டிக்கொண்டால் போதும், உரச்செலவு பாதியாகக் குறையும். மூன்று வருஷம் குப்பி கழுவியபடியே பார்த்துப் பார்த்து, கம்பி வளையத்தை நெருப்பில் காட்டி, அகார் கூழ் ஊற்றிய தட்டில் கோடு இழுத்து பாக்டீரியாவை விதைக்கும் வேலையையும் தியுர்மா கற்றுக்கொண்டாள். உதவியாளர் ஒருவர் மாற்றலாகிப் போனதும் அந்த இடம் அவளுக்கு வந்தது.

வந்ததும் முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்து அந்த பாக்டீரியாக்களின் குலத்தை விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் ரைசோபியம் என்ற ஒரே பேரினப் பெயர். அதற்குள்ளே எந்தச் செடியின் வேரில் முடிச்சுப் போடுகிறதோ அதை வைத்துப் பட்டாணிக்காரர், பீன்ஸ்காரர், சோயாக்காரர் என்று பிரித்திருந்தார்கள்.

"இது என்ன பாக் கணக்கு? சாப்பிடுற வீட்டை வெச்சு ஒருத்தரை என்ன குலம்னு சொல்றதா? அப்படிப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் வாரத்துல மூணு நாள் கள்ளுக்கடைக் குலம்!"

வீர்யோனோ வாய்க்குள்ளேயே சிரித்தார். "உலகம் பூரா அப்படித்தாங்க வெச்சிருக்காங்க. அதுல குறை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வேற வழி இன்னும் யாருக்கும் பிடிபடல."

தியுர்மாவுக்குப் பிடிபட்டிருந்தது. அகாரில் ஒரு சாயத்தைக் கலந்து ஊற்றுவார்கள். தட்டு பச்சையாக இருக்கும். பீன்ஸ்காரர்களையும் பட்டாணிக்காரர்களையும் அதில் விட்டால் இரண்டு மூன்று நாளில் கொழகொழவென்று பெருகி, புளிப்பைக் கக்கித் தட்டையே மஞ்சளாக்கிவிடுவார்கள். சோயாக்காரர்களோ அசைய மாட்டார்கள். ஐந்து நாள் ஆனாலும் தட்டில் ஒன்றும் தெரியாது. ஏழாம் நாள் குண்டூசித் தலையளவு புள்ளிகள் தென்படும், சுற்றிலும் பச்சை மெல்ல நீலமாகும். நூறு முறை போட்டாலும் நூறு முறையும் இதே கதை.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவன் தட்டை மஞ்சளாக்கி இன்னொருவன் நீலமாக்குவானா? அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அலமாரியில் மெதுவாக வளர்கிறவர்களின் குழாய்களை இடது அடுக்கிலும் வேகமாக வளர்கிறவர்களை வலது அடுக்கிலும் பிரித்து வைத்தாள். இடது அடுக்கில் 'ஏழு நாள்' என்றும் வலதில் 'மூணு நாள்' என்றும் சீட்டு எழுதி ஒட்டினாள். வளர்க்கும் பாத்திரங்களையும் தனித்தனியாக்கினாள். வீர்யோனோ அந்தச் சீட்டுகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வருஷம் அப்படியே ஓடியது. பொட்டலங்கள் நன்றாகவே வேலை செய்தன.

1981 கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பாக் சுப்ராப்தோ என்றொரு இளம் அதிகாரி வந்தார். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் காலணி, மடிப்புக் கலையாத சட்டை. கெட்டவர் இல்லை. எல்லா நிலையமும் ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும் என்ற ஆசை பிடித்தவர், அவ்வளவுதான். அலமாரி முன்னால் வந்து நின்றார்.

"இது என்ன, 'ஏழு நாள்', 'மூணு நாள்'?"

"இந்தப் பக்கம் இருக்கறவங்க நிதானமா வளர்றவங்க பாக். அந்தப் பக்கம் இருக்கறவங்க அவசரக்காரங்க. ரெண்டும் வேற வேற குலம்" என்றாள் தியுர்மா.

சுப்ராப்தோ பதிவேட்டைப் புரட்டினார். "இங்க எல்லாம் ஒரே பேரினம்னுதானே இருக்கு? வேற வேறன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

தியுர்மா வீர்யோனோவைப் பார்த்தாள். அவர் தன் கண்ணாடியைப் பார்த்தார்.

"புத்தகத்துல இல்ல பாக். தட்டுல இருக்கு."

"தட்டை வெச்சு நிர்வாகம் பண்ண முடியாதும்மா."

அன்றைக்கே உத்தரவு வந்தது. குழாய்களை எண் வரிசைப்படி அடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரங்களில், ஒரே அட்டவணைப்படி மூன்று நாள் வளர்த்துப் பொட்டலம் கட்ட வேண்டும். ஒரே பேரினத்துக்கு எதற்கு இரண்டு அட்டவணை? இப்படிச் செய்தால் மாதத்துக்கு இரண்டு மடங்கு பொட்டலம் கட்டலாம் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

தியுர்மா இரண்டு சீட்டுகளையும் கிழித்தாள். வீட்டுக்குப் போய் அன்று மீன் குழம்பில் உப்புப் போட மறந்தாள். தும்புர் குறை சொல்லாமல் சாப்பிட்டான். அவள் முகம் அப்படி இருந்தது.

பத்து வாரம் கழித்து ஒரு காலை நேரத்தில் நிலையத்துக்குள் ஒரு பெண்பிள்ளை புயல் மாதிரி நுழைந்தாள். பெயர் லாஸ்மி, ஜாவாக்காரி. ரெஜோசாரி கிராமத்தில், பழைய ரப்பர் தோட்டத்தைத் திருத்திப் புதிதாகச் சோயா போட்டவள். அறுத்த சோயாவைத் தானே புளிக்கவைத்து, தெம்பே என்ற கட்டியாக்கிச் சந்தையில் விற்கிறவள். தோளில் ஒரு சாக்கு. அதை வீர்யோனோவின் மேசைமேல் கவிழ்த்தாள். வெளிறி மஞ்சள் பாய்ந்த சோயாச் செடிகள், வேரும் மண்ணுமாக அவருடைய காகிதங்களின் மேல் விழுந்தன.

"காட்டுங்க ஐயா! எங்க இருக்கு முடிச்சு? வேர்ல கொத்துக் கொத்தா முடிச்சு வரும்னு சொல்லித்தானே பொட்டலம் குடுத்தீங்க? என் தலைமுடியில இதைவிட அதிகமா சிக்கு இருக்கு!"

வீர்யோனோ, "உட்காருங்கம்மா, தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"தண்ணி நான் ஊத்திட்டேன், செடிக்கு. அதுதான் இப்படி நிக்குது!"

ஜாவாக்காரர்கள் மெதுவாகப் பேசுவார்கள் என்று எவன் சொன்னது என்று தியுர்மா வியந்தபடி கிட்ட வந்தாள். ஒரு செடியை எடுத்து வேரை நீவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பேருக்கு ஒரு முடிச்சு இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"அக்கா, மிச்சம் பொட்டலம் ஏதாச்சும் வீட்ல இருக்கா?"

"இருக்கு. அடுப்புல போடலாம்னு வெச்சிருக்கேன்."

"போட்றாதீங்க. இன்னைக்கே வேணும் எனக்கு."

தும்புரின் பெச்சாக்கில் போய்ப் பொட்டலங்களை எடுத்து வந்தாள். அவற்றிலிருந்து ஒரு சிட்டிகை கரைத்துப் பன்னிரண்டு தட்டுகளில் தடவினாள். மறுநாளைக்கு மறுநாளே பன்னிரண்டும் மஞ்சள் வெயில் அடித்த மாதிரி ஆகிவிட்டன. மெதுக்காரர்களுக்கு மூன்று நாளில் கண்ணே திறந்திருக்காது. பொதுப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பீன்ஸ்காரர்கள் அதற்குள் தின்று பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பொட்டலம் முழுக்க அவர்கள்தான். பீன்ஸ் வேரில் அவர்கள் சூரர்கள், ஆனால் சோயா வேர் அவர்களுக்குக் கதவு திறக்காது.

"இதைக் கொண்டுபோய்க் காட்டலாமா பாக்?"

"இன்னும் ஆறு நாள் பொறுங்க" என்றார் வீர்யோனோ. "மெதுக்காரங்க எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னும் தெரியணும். பாதியை மட்டும் காட்டினா, பாதியை மட்டும்தான் நம்புவாங்க."

எட்டாம் நாள் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார்கள். பன்னிரண்டு தட்டிலும் சேர்த்து, மஞ்சள் வெள்ளத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு ஐந்தே ஐந்து குண்டூசித் தலைகள். அன்று மாலை வீர்யோனோ தலைமை அலுவலகத்துக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார்.

சுப்ராப்தோ வந்தார், கோபமாகத்தான் வந்தார். தட்டுகளைப் பார்த்துவிட்டு, "பாத்திரம் சரியாக் கழுவல, அவ்வளவுதான். இதுக்குப் போய்க் குலம் கோத்திரம்னு..." என்று தியுர்மாவின் பக்கம் திரும்பினார்.

மூன்று வருஷம் குப்பி கழுவிய கைக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவள் வாயைத் திறக்கும் முன் வீர்யோனோ எழுந்தார். அவர் குரல் எப்போதும்போலத் தாழ்ந்துதான் இருந்தது. 

"கழுவினதுல குறை இல்லைங்க. மூணு நாள்ல வளராததை மூணு நாள்ல எடுத்தோம், அதுதான் குறை. நாலு வருஷமா இவங்க ரெண்டு அடுக்கா பிரிச்சு வெச்சிருந்ததை நான் பார்த்துட்டே இருந்தேன். சரின்னு பட்டது. ஆனா புத்தகத்துல இல்லையேன்னு வாயைத் திறக்கல. தப்பு என் பேர்ல எழுதிக்குங்க. அதுக்கு முன்னாடி, நிலத்துல ஒரு தடவை போட்டுப் பார்த்துடுவோம்."

சுப்ராப்தோ ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "எத்தனை நாள்?" என்றார்.

"முப்பத்தஞ்சு."

லாஸ்மியின் நிலத்திலேயே மூன்று பாத்தி போட்டார்கள். ஒன்றுக்கு மூன்று நாள் பொட்டலம், இன்னொன்றுக்குத் தனிப் பாத்திரத்தில் ஏழு நாள் வளர்த்த பொட்டலம், மூன்றாவதுக்கு எதுவுமே இல்லை. எந்தப் பாத்தியில் எது என்று லாஸ்மிக்குச் சொல்லவில்லை. ஆனால் இருபதாம் நாளே அவள் நிலையத்துக்கு ஆள் அனுப்பினாள். "நடுப் பாத்தி கரும்பச்சையா நிக்குது. என்ன மாயம் பண்ணீங்களோ, அதையே எனக்குக் குடுங்க."

முப்பத்தைந்தாம் நாள் சுப்ராப்தோ ஜீப்பில் வந்தார். ரெஜோசாரிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஜீப் சேற்றில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. தியுர்மாவையும் வீர்யோனோவையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த தும்புர் தன் வண்டியை நிறுத்தினான்.

"ஏறுங்க பாக். சர்க்கார் வண்டிக்குச் சேறு புதுசு, என் வண்டிக்குப் பழசு."

பக்கவண்டியில் சுப்ராப்தோவும் தியுர்மாவும். தும்புருக்குப் பின்னால், அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி வீர்யோனோ. ரெஜோசாரிப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நிலத்தில் இறங்குவதற்கு முன் சுப்ராப்தோ காலணியைக் கழற்றி, காலுறையை மடித்து உள்ளே வைத்து, பக்கவண்டியில் பத்திரமாக வைத்தார். அதைப் பார்த்த லாஸ்மி, "பரவாயில்ல, மனுஷன்தான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

முதல் பாத்தியில் பத்துச் செடி பிடுங்கினார்கள். மொத்தமாக நான்கு முடிச்சு. எதுவும் போடாத பாத்தியில் மூன்று. நடுப் பாத்தியில் தியுர்மா வேரைச் சுற்றி மண்ணைக் கிளறி, அலுங்காமல் ஒரு செடியை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினாள். வேர் தெரியாத அளவுக்கு மிளகு மிளகாகக் கோத்திருந்தது. ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு.

"உயிரோட வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள்.

சுப்ராப்தோ சேற்றில் குந்தி உட்கார்ந்து தானே எண்ணத் தொடங்கினார். முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு, இருபத்தெட்டு. நாலாவது செடிக்கு வந்ததுமே யாரையும் கிட்டே விடவில்லை. பத்தும் எண்ணி முடித்து நிமிர்ந்தபோது நெற்றி வரைக்கும் சேறு.

"அப்போ இது ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதே?" என்றார், அவரே கண்டுபிடித்த மாதிரி.

தியுர்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வீர்யோனோ அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"அதே சந்தேகம் எனக்கும் வந்துச்சு பாக்" என்று மட்டும் சொன்னாள்.

லாஸ்மி அதற்குள் அடுப்பு மூட்டித் தெம்பே வறுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வரப்பில் உட்கார்ந்து மிளகாய்த் துவையலோடு தின்றார்கள். நட்டத்துக்கு ஈடாக அடுத்த இரண்டு போகத்துக்கும் பொட்டலம் இலவசம் என்று சுப்ராப்தோவிடம் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டாள் லாஸ்மி. அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய்க் கறை. அதைக் காட்டி, "முத்திரை விழுந்துடுச்சு, இனி மாத்த முடியாது" என்றாள்.

இரண்டு அடுக்கும் மறுபடி வந்தன. அட்டவணையும் இரண்டாயிற்று. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் மாதத்தில், நிலையத்தின் நீண்ட தாழ்வாரத்தில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வீர்யோனோ ஓடி யாரும் பார்த்ததில்லை. தட்டச்சு அறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கப்பலில் ஏழெட்டு மாதம் தாமதமாக வந்த அறிவியல் இதழ் ஒன்றைக் கையில் விரித்துப் பிடித்தபடி வந்து, தியுர்மாவின் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"உங்க இடது அடுக்குக்குப் பேர் வெச்சுட்டாங்க!"

"யாரு?"

"வெளிநாட்டுல. மெதுவா வளர்றதையெல்லாம் ரைசோபியத்துலேர்ந்து பிரிச்சுத் தனிப் பேரினம் ஆக்கிட்டாங்க. பிராடிரைசோபியம். பிராடின்னா கிரேக்கத்துல 'மெதுவா'ன்னு அர்த்தம்."

தியுர்மா கம்பி வளையத்தைக் கீழே வைத்தாள். "வெறும் வேகத்தை வெச்சா பிரிச்சாங்க?"

"அதுவும் ஒண்ணு. இன்னும் நிறைய பார்த்திருக்காங்க. தட்டை மஞ்சளாக்குதா நீலமாக்குதா, எந்தச் சர்க்கரையைத் தின்னும், எதைத் தொடாது, நீந்துறதுக்கு வால் எத்தனைன்னு. வேகக்காரங்களுக்கு உடம்பு சுத்தி நாலஞ்சு வால், உங்க ஆளுங்களுக்கு ஒத்தை வால். கடைசியா மரபு இழைகளைப் பிரிச்சு, இதோட இழை அதோட இழையில ஒட்டுதான்னு போட்டுப் பார்த்திருக்காங்க. நெருங்கின சொந்தம்னா ஒட்டும். இதுங்க ரெண்டும் சரியா ஒட்டவே இல்ல."

"எங்க ஊர்ல அதுக்குப் பெரியவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பத்துத் தலைமுறை சொல்லச் சொல்லுவோம்" என்றாள் தியுர்மா. பிறகு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்ததும், சாயத்தின் மேல் பழி போட்டுவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த மார்ச்சில் மேதான் நகரத்தில் விவசாய ஆராய்ச்சிக்காரர்களின் கூட்டம். சுப்ராப்தோவே அவள் பெயரைக் கொடுத்திருந்தார். தியுர்மா நெசவுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்துத் தட்டுகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் போனாள். கூடவே தும்புர். பஸ் சத்தம் போதவில்லை என்று வழியெல்லாம் குறைபட்டுக்கொண்டே வந்தான்.

மேடையில் நின்றதும் எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு மஞ்சள் தட்டையும் ஒரு நீலத் தட்டையும் தூக்கிப் பிடித்தாள்.

"பெரியவங்களே, இது ரெண்டு நாள்ல விருந்தை முடிச்சுட்டு இலையை மடிக்கிற குடும்பம். இது ஏழு நாள் உட்கார்ந்து மென்னு சாப்பிடுற குடும்பம். ரெண்டு பேரும் தூரத்துச் சொந்தம்தான், இல்லைங்கல. ஆனா ஒரே பந்தியில உட்கார வெச்சா, மென்னு சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதுதான் ரெஜோசாரியில நடந்தது."

கூடம் சிரித்தது. கடைசி வரிசையில் தும்புர் கைதட்டினான், தனியாக. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்தார்.

"அம்மா எந்தப் பல்கலைக்கழகம்?"

"ஊராத் நடுநிலைப் பள்ளி ஐயா. அதுக்கப்புறம் மூணு வருஷம் குப்பி கழுவினேன்."

பேராசிரியர் உட்காரவில்லை. "என் மாணவர்களுக்கும் முதல்ல குப்பியைக் குடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அந்த நீலத் தட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு தட்டு வரிசை வரிசையாகக் கைமாறிக் கடைசிக்குப் போயிற்று. தும்புர் அதை வாங்கி, ஒன்றும் புரியாமல், மிக மரியாதையாக முகர்ந்து பார்த்தான்.

அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கி நிலையத்தின் இதழில் போட்டார்கள். மூன்று பெயர்களில் கடைசிப் பெயர் அவளுடையது. வந்ததும் ஐந்து பிரதி வாங்கினாள். பிரித்துப் பார்த்தால், சிதோஹாங் என்று இருக்க வேண்டிய இடத்தில் சிதோராங் என்று அச்சாகியிருந்தது. பேனாவால் ஐந்திலும் திருத்தி, ஒன்றை ஊராத்துக்கு அனுப்பினாள்.

பத்து நாளில் அவளுடைய அண்ணன் பொங்சு, படகிலும் பஸ்ஸிலுமாக வந்து நிலையத்து வாசலில் நின்றார். "யாரு அந்தச் சிதோராங்? பதினாலு தலைமுறையா ஏரிக்கரையில இருக்கோம், அப்படி ஒருத்தனைக் கண்டதில்ல! எங்கப்பா சோறு இறங்காம உட்கார்ந்திருக்கார். இதை அடிச்சது யாருன்னு தெரியணும்!"

தட்டச்சு அறையிலிருந்து ஒரு சின்னப் பெண் தயங்கியபடி வந்தாள். பொங்சு மூச்சை இழுத்துக்கொண்டார். ஆனால் திட்டுவதற்கு முன்பு விசாரிக்க வேண்டுமே.

"நீ என்ன குலம்மா?"

அவள் சொன்னாள். எந்த ஊர், யார் மகள் என்றும் சொன்னாள். பொங்சுவின் முகம் மாறியது. அவருடைய அம்மா பிறந்த குலம்தான் அது. தாய்மாமன் வீட்டுப் பெண். அந்த வீட்டாரைக் கடிந்து ஒரு சொல் சொன்னால் வயல் விளையாது, வலையில் மீன் விழாது. இழுத்த மூச்சைப் பொங்சு மெதுவாக விட்டார்.

"அச்சுன்னா ஒரு எழுத்து முன்னப்பின்ன விழத்தான் செய்யும்" என்றார். "சாப்பிட்டியா தாயி?"

தியுர்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகச் சந்தைக்குப் போய் மீன் சோறு சாப்பிட்டார்கள். காசு பொங்சு கொடுத்தார். வீர்யோனோ அன்று முழுக்க வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தார். திருத்தம் அடுத்த இதழில் ஒரு வரியாக வந்தது.

தியுர்மா அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். வீர்யோனோ ஓய்வு பெற்று யோக்யகர்த்தாவுக்குப் போனார், புத்தாண்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பினார். மரபு எழுத்துகளையே படிக்கும் இயந்திரங்கள் வந்தன. இடது அடுக்கும் வலது அடுக்கும் மேலும் மேலும் பிரிந்தன. ஒருமுறை, வேரில் முடிச்சே போடாத ஒரு கூட்டத்தைக்கூட நெருங்கிய சொந்தம் என்று சொல்லி உள்ளே சேர்த்தார்கள். புதிய பெயர் வரும்போதெல்லாம் இளம் ஆராய்ச்சியாளர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். தியுர்மா மட்டும் பசையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி அலமாரிப் பக்கம் போவாள்.

2011இல் அவள் ஓய்வு பெற்ற அன்று, அலமாரியில் பதினோரு அடுக்குகள் இருந்தன. எந்தக் குழாய் எந்த அடுக்கில் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். புதிதாக வந்த பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். தும்புர் வண்டியை முறுக்கியபடி காத்திருந்தான். லாஸ்மி ஒரு கூடை நிறையத் தெம்பேயோடு பக்கவண்டியில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உட்காருங்க அக்கா" என்றாள் தியுர்மா.

"நீ பெருத்துட்டே" என்றாள் லாஸ்மி, தள்ளி உட்கார்ந்தபடியே.